சாவி கொடுக்க வந்த நாளில் எடுத்த படம்

இவ்வாண்டு ஓர் ஆவணப் புகைப்படப் போட்டிக்கு என் படத்தொடரை அனுப்பியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பத்துப் படங்கள் வரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு படக்குறிப்பு, தொடருக்கு ஒரு சிறு அறிமுகம் என்பது விதி. படம் எடுக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. ஆனால் எதை அனுப்புவது, அதன் கீழே என்ன எழுதுவது என்று முடிவு செய்த கடைசி மூன்று வாரங்கள்தான் உண்மையில் கடினமாக இருந்தன. அந்த மூன்று வாரங்களுக்குப் பிறகு எனக்குள் உறுதியாகிவிட்ட ஒரு கருத்தைச் சொல்லவே இந்தப் பதிவு: படத்தில் இருப்பவருக்குப் படக்குறிப்பை அவருடைய மொழியில் வாசித்துக் காட்டாமல் எந்த ஆவணத் தொடரையும் போட்டிக்கு அனுப்பக் கூடாது.

என் தொடர் சிங்கப்பூரின் தங்ளின் ஹால்ட் பேட்டையிலிருந்து வீடு மாறிய ஒரு முதிய தம்பதியைப் பற்றியது. அங்கிருந்த பத்து மாடி புளோக்குகளை அக்கம்பக்கத்துச் சீனர்கள் 'சாப் லாவ்', அதாவது பத்து மாடி, என்பார்கள். 1967இல் வெளிவந்த நம் முதல் ஒரு வெள்ளி நோட்டின் பின்புறத்தில் இருப்பவை அந்த வீடுகள்தான். 2014 ஜூன் மாதத்தில் அந்தப் பேட்டையின் 31 புளோக்குகள் மறுமேம்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன; அங்கிருந்தவர்கள் வேறு வீட்டுக்கு மாற வேண்டியிருந்தது. அறிவிப்பு வந்த நாள் முதல் கேமராவோடு போகாத புகைப்படக்காரரே இல்லை என்னும் அளவுக்குக் கூட்டம். நானும் அதில் ஒருவன். பெரியவர் மலாயன் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போகும் பாதை அந்தப் பேட்டையை ஒட்டியே சென்றது. 'ஹால்ட்' என்ற பெயரே ரயில் சற்று நின்று செல்லும் இடம் என்பதால் வந்தது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயில் அந்த வழியாகப் போனது. இத்தனையும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததால், தொடர் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே அதன் தலைப்பும் சோகமும் என் மனத்தில் தயாராக இருந்தன.

அந்தச் சோகத்துக்குப் பொருத்தமாக ஒரு படமும் கிடைத்தது. பழைய வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள். சாமான்கள் எல்லாம் போய்விட்டன. பழைய சாமான் வாங்க வரும் காராங்குனிக்காரருக்காக ஒதுக்கி வைத்த ஒரு நாற்காலி மட்டும் கூடத்தில் கிடந்தது. மாலை நான்கு மணி வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. சட்டைப் பையில் சாவியோடு வாசலில் நின்றவரிடம், "ஐயா, கொஞ்சம் அந்த நாற்காலியில உட்காருங்களேன், ஜன்னல் பக்கமா பாருங்க" என்றேன். உட்கார்ந்தார். பார்த்தார். பார்த்தவர்கள் எல்லாரும் அதுதான் தொடரின் முதல் படமாக இருக்க வேண்டும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆவணப் படப் போட்டிகளில் இந்த இடத்தில்தான் கோடு கிழிக்கப்படுகிறது: நடந்ததை எடுக்கலாம், நடக்க வைத்தோ மாற்றியோ காட்டக் கூடாது. 1955 முதல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நடத்தப்படும் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில், 2010ஆம் ஆண்டு பரிசு பெற்ற ஒரு படம் பின்னர் நீக்கப்பட்டது. கைக்குக் கட்டுப் போடும் காட்சியில் பின்னணியில் தெரிந்த ஒருவரின் பாதத்தின் நுனியைக் கணினியில் அழித்திருந்தார்கள் என்பதே காரணம். 2015இல் பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரத்தைப் பற்றிய தொடருக்குக் கொடுத்த முதல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதில் ஒரு படம் அந்த நகரத்தில் எடுக்கப்படவே இல்லை, பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த மோலன்பேக்கில் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு கடைசிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கேமராவில் பதிவான மூலக் கோப்போடு ஒப்பிட்டபோது தகுதி இழந்தது. ஆனால் என் நாற்காலிப் படத்தை எந்த மூலக் கோப்பும் காட்டிக் கொடுக்காது. ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. "உட்காருங்களேன்" என்று நான் சொன்னது கோப்பில் பதிவாவதில்லை. அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ஆகவே அதைத் தொடரிலிருந்து எடுத்துவிட்டேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, விதி அப்படி.

என்னை உண்மையில் உலுக்கியது அதற்குப் பிறகு நடந்ததுதான். மீதிப் படங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போனேன். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். "வேரோடு பெயர்க்கப்பட்டவர்" என்ற பொருளில் நான் எழுதியிருந்ததைக் கேட்டதும் பெரியவர் நிறுத்தினார். "என்னை யாரும் பிடுங்கிப் போடல தம்பி. வீடு பிடிச்சுத்தான் வந்தோம்" என்றார். ரயில் சத்தம் நின்றுபோனதை ஓர் இழப்பாக எழுதியிருந்தேன். அதற்கும் தலையாட்டி மறுத்தார். வேலை பார்த்த காலமெல்லாம் ரயில் சத்தம் கேட்டால் பாதி இரவில் விழித்துத் தண்டவாளத்தில் என்ன கோளாறோ என்று பதறியவர் அவர். ரயில் நின்ற பிறகுதான் முழுத் தூக்கம் தூங்கியதாகச் சொன்னார். முழங்கால் வலியோடு குந்தும் கழிவறையில் பல ஆண்டுகள் பட்ட பாட்டை அவர் மனைவி சொன்னார். புது வீட்டின் கழிவறையில் பொருத்தியிருந்த கைப்பிடியை அவர் தொட்டுக் காட்டிய படம் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. வெளிச்சம் சரியில்லை, அழகாக இல்லை என்று அதை நான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அவர்களுக்கு வருத்தமே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த அம்மாவின் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி வேறொரு புளோக்கில் வீடு எடுத்துவிட்டார். நோன்புப் பெருநாளுக்குக் குவே பலகாரத் தட்டும் தீபாவளிக்கு முறுக்குத் தட்டும் ஒரே தாழ்வாரத்தில் கை மாறிய நாட்கள் போய்விட்டன. இப்போது ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமானால் கீழே இறங்கி, சாலையைக் கடந்து, மறுபடியும் மின்தூக்கியில் ஏற வேண்டும். நான் இரண்டு ஆண்டுகள் இடியப்போகும் சுவரையே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா இழந்ததோ அந்தத் தாழ்வாரத்தை. அதற்குப் பிறகு இரண்டு முறை சென்று, அந்த அம்மா தட்டோடு சாலையைக் கடப்பதை எடுத்தேன். எதையும் செய்யச் சொல்லவில்லை. அவர் போகும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

நம் ஊரில் ஆவணத் தொடர்களுக்கு இடமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மிடில் ரோட்டில் பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் அப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்பட நிலையம் 2003 முதல் இதற்காகவே உழைக்கிறது. ஆவணப் படைப்புகளுக்கென்று விருதும் அளிக்கிறது. இடம் இருக்கிறது என்பதால்தான் அங்கே எதைக் கொண்டுபோய் வைக்கிறோம் என்ற கவலை எனக்கு வருகிறது. பழைய புளோக், பழைய கடை, லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் வெளிநாட்டு ஊழியர் என்று எதைப் பார்த்தாலும் முதலில் துயரத்தைத் தேடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. நடுவர்களுக்கும் அது பழகிவிட்டது என்றே நினைக்கிறேன். புல்வெளியில் சிரித்துக்கொண்டிருக்கும் தொழிலாளரின் பத்துப் படங்களை ஒதுக்கிவிட்டு, அவர் தலை குனிந்திருக்கும் ஒரே படத்தை அனுப்புகிறவர் கணினியில் எதையும் அழிக்கவில்லைதான். ஆனால் அந்தப் பாதத்தை அழித்தவர் மறைத்ததைவிட அவர் அதிகமாக மறைத்திருக்கிறார்.

ஆகவே போட்டி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மூலக் கோப்பைக் கேட்கும் அதே விண்ணப்பத்தில், படத்தில் உள்ளவர்கள் குறிப்புகளைத் தங்கள் மொழியில் கேட்டார்களா என்ற கேள்வியையும் சேருங்கள். சாலையில் ஒரு கணத்தில் எடுத்த படத்துக்கு இது இயலாது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு குடும்பத்தோடு மாதக்கணக்கில் பழகி எடுத்த தொடருக்குக் கட்டாயம் இயலும். கலந்துகொள்பவர்கள் விதிமுறைகளில் உரிமை பற்றிய பத்தியையும் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். போட்டிக்காக முகம் காட்டச் சம்மதித்த ஒருவர் ஆதரவாளரின் விளம்பரத்துக்கும் சம்மதித்தார் என்று ஆகிவிடாது.

கடைசியில் ஒன்பது படங்களை அனுப்பினேன். கைப்பிடிப் படம் அவற்றில் இருக்கிறது. நாற்காலிப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவர்களிடமே கொடுத்துவிட்டேன். புது வீட்டுக் கூடத்தில் சாமிப் படங்களுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதைப் பார்த்து ஏதாவது கேட்டால், "தம்பி உட்காரச் சொல்லிச்சு, உட்கார்ந்தேன்" என்று பெரியவரே சொல்லிவிடுகிறார்.