லாக் புக்கும் டிரிப் நோட்டும்

எங்கள் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்திறங்கத் தொடங்கிய நாளிலிருந்து, மாதத்துக்கு ஒருவராவது தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார். பையனையோ பெண்ணையோ பைலட் படிப்பில் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. வணிக விமானி உரிமம் பெற்றும் இன்று சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருப்பவன் என்பதால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

நான் லாரிக்காரர்கள் ஊரான சங்ககிரியில் பிறந்தவன். அப்பா லாரி ஓட்டினார். பிறகு சொந்தமாக இரண்டு வண்டி வாங்கினார். சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று வடக்கே போனால், திரும்பி வரப் பன்னிரண்டு நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். ரிட்டர்ன் லோடு கிடைப்பதைப் பொறுத்தது. வண்டி வந்துவிடக்கூடும் என்று தோன்றுகிற நாள்களில் அம்மா உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவார். அந்தச் சோறு பெரும்பாலும் மறுநாள் காலை எங்களுக்குப் பழையதாகத்தான் கிடைக்கும். என் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாளில் அப்பா மகாராஷ்டிர எல்லையில் ஒரு செக்போஸ்ட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த அப்பாதான் இரண்டு வண்டிகளில் ஒன்றை விற்று என்னை விமானம் ஓட்டப் படிக்க வைத்தார். "நான் ரோட்டுல ஓட்டுனேன், நீ மேல ஓட்டு சாமி" என்றார். வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு மணி நேரத்தைச் சேர்க்க எனக்கு ஒன்றே முக்கால் ஆண்டு ஆயிற்று. விமானம் பழுது, மழை, பயிற்றுநர் பற்றாக்குறை என்று தள்ளிப்போகாத மாதமே இல்லை. 2012இல் உரிமம் கைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. எங்கள் சேலத்துக்கு வந்துகொண்டிருந்த அவர்களுடைய சிறிய விமானம் அதற்கு முந்தைய ஆண்டே நின்றுபோயிருந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகளே வேலை தேடி அலைந்த சந்தையில், 200 மணி நேரக்காரனை யார் கேட்பார்கள்? ஓராண்டுக்கு மேல் காத்திருந்தேன். மீதமிருந்த ஒரே வண்டிக்கு ஃபைனான்ஸ் டியூ கட்டிக்கொண்டே என் கல்விக் கடனுக்கும் அப்பா வட்டி கட்டினார். அந்த நாள்களில் வங்கித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கி, 2014இல் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஆகவே வருகிற பெற்றோரிடம் நான் முதலில் பேசுவது உரிமத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் இடையிலுள்ள காலத்தைப் பற்றித்தான். படிப்புச் செலவை எல்லோரும் விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இந்த இடைவெளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உரிமம் வந்த பிறகும் பெரிய ஏர்பஸ் ஆனாலும் சிறிய ஏ.டி.ஆர். ஆனாலும் அந்தந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கென்று டைப் ரேட்டிங் என்ற தகுதியைத் தனியாக எடுக்க வேண்டும். அதற்கும் பல லட்சம் ஆகும். விமான நிறுவனங்கள் ஆளெடுப்பது மழையைப் போன்றது. பெய்தால் கொட்டும், பொய்த்தால் ஆண்டுக்கணக்கில் பொய்க்கும். மூன்று ஆண்டு வேலை கிடைக்காவிட்டாலும் உங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா, தங்கையின் படிப்பு நிற்காமல் நடக்குமா என்று கேட்கிறேன். நடக்கும் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். இருக்கும் ஒரே காடுகரையை விற்றுத்தான் சேர்க்க வேண்டும் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் திறமை இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்விதான். பணம் கட்டுவதற்கு முன்னால் விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள் என்பதையும் மறக்காமல் சொல்கிறேன். பணியில் இருக்கும்வரை அந்தச் சான்றைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். ஒரு பரிசோதனை முடிவு சரியில்லை என்றால் அன்றே தரையில் நிற்க வேண்டியதுதான். வங்கியில் எனக்குச் சர்க்கரை வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் கவுன்ட்டருக்குப் போய்விடலாம்.

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் விமானமே பறக்கவில்லை. என்னோடு பயிற்சி பெற்றவர்களில் வேலை கிடைத்திருந்த சிலர் அப்போது சம்பளக் குறைப்போடும் வீட்டுக் கடனோடும் திண்டாடினார்கள். எனக்கு மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் என்னைவிட நன்றாகப் பறந்தவர்கள்.

இனி, மறுபடியும் பறக்கப் போகலாமா என்ற என் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். அந்த நண்பர்களில் ஒருவன் இப்போது கேப்டன். விமானிகளுக்கான புதிய பணிநேர விதிகள் 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவுப் பணியில் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. அதற்குப் போதிய ஆள் இல்லாததால் டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதையும், பயணிகள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்ததையும் எல்லோரும் பார்த்தோம். பலர் அந்த விதிகளைத் திட்டினார்கள். நான் அவற்றை முழுமனதோடு ஆதரிக்கிறேன். தூக்கம் கெட்ட டிரைவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சங்ககிரியில் ஒவ்வொரு தெருவும் அறியும். அந்த 48 மணி நேரம் பயணியின் பாதுகாப்புக்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஒரு தகப்பன் தன் வீட்டில் இரண்டு இரவு சேர்ந்தாற்போல் படுத்து எழுவதற்கும் அதுதான் இடம் தருகிறது.

"இப்ப ஆள் எடுக்கறாங்கடா, உரிமத்தப் புதுப்பிச்சு வந்துரு" என்று நண்பன் ஜனவரியில் அழைத்தான். முப்பத்தாறு வயது எனக்கு. விமானி 65 வரை பறக்கலாம். வங்கியிலோ 60இல் ஓய்வு. கணக்குப் பார்த்தால் இன்னும் காலம் இருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பறந்த நேரத்தையெல்லாம் குறித்து வைத்த லாக் புக்கைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முதன்முதலில் தனியாகப் பறந்த நாளின் வரியில், நேரம் எழுதும் கட்டத்தில், என் பேனா இரண்டு முறை அழுத்தியிருக்கிறது. அன்று விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கியபோது என் கை நடுங்கியது நினைவில் இருக்கிறது.

ஒரு மாதம் நானும் மனைவியும் பேசினோம். அவர் அரசுப் பள்ளி ஆசிரியை. நிலையான வேலை என்றால் வீட்டிலேயே இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம், அது உண்மையன்று. வங்கி என்னைப் பதவி உயர்வோடு பீகாருக்கு அனுப்பியது. இரண்டரை ஆண்டு அங்கே இருந்தேன். மகள் நடக்கத் தொடங்கியதை வீடியோவில்தான் பார்த்தேன். இதை மனைவிதான் நினைவூட்டினார். "வேலைன்னு எடுத்தா எங்கியும் இப்படித்தான். குடும்பத்துக்காக விட்டேன்னு மட்டும் எங்ககிட்டச் சொல்லிராதீங்க. அப்பறம் ஆயுசுக்கும் அந்தக் கடன் எங்க தலையில இருக்கும்" என்றார்.

இந்தச் சொல் என்னைப் பிடித்து உலுக்கியது. என் அப்பா ஒரு நாளும் 'உனக்காக வண்டியை விற்றேன்' என்று சொல்லிக் காட்டியதில்லை; சொல்லியிருந்தால் வேலை கிடைக்காத அந்த ஓராண்டை நான் எப்படித் தாண்டியிருப்பேன் என்று தெரியவில்லை. 'குடும்பத்துக்காக' என்று சொல்லி ஒன்றை விடுகிற ஆண், குடும்பத்தைக் கேட்டுத்தான் விட்டாரா என்று இப்போது நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பெரும்பாலும் கேட்பதில்லை. அப்படி விட்டதைப் பிறகு ஒவ்வொரு சண்டையிலும் எடுத்து வைக்கிறோம்.

போன ஞாயிறு ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். லேடிஸ் சீட்டில் நின்றபோது, கீழே சேலம் வெயிலில் மங்கித் தெரிய, தாழப் பறந்து போன விமானம் ஒன்றை மகள் முதலில் கண்டுபிடித்தாள். "அப்பா, அது எந்தப் பக்கமா இறங்கும்?" என்றாள். காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்றேன். அவள் விரலை நாக்கில் தொட்டு நீட்டிப் பார்த்துத் திசை சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கிப் பதினான்காவதில் தூங்கிப்போனாள். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுப்படி ஏறியபோது எனக்கு விடை தெரிந்துவிட்டது. இந்தக் கனத்தை ஒவ்வொரு வாரமும் தூக்க வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்காகச் செய்கிற தியாகம் அன்று. நான் வானத்தை விரும்பினேன், இப்போதும் விரும்புகிறேன், இதை அதைவிட அதிகமாக விரும்புகிறேன். நண்பனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வரும் சனிக்கிழமை ஓமலூரிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வருகிறாள். பிளஸ் டூ, இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண், அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவர்களிடம் காட்ட என் லாக் புக்கையும், அப்பாவின் பழைய டிரிப் நோட்டையும் மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தேதி, நேரம் என்று இரண்டிலும் கட்டங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.