எஃப்.சி.யில் பிரேக்குக்கு எவ்வளவு நேரம்?

லாரித் தொழிலில் இருப்பவர்கள் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றைக்கும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டப் போகும் வண்டிக்கு ஆகும் செலவையும் நேரத்தையும் கணக்குப் பார்த்தால் பிரேக்குக்குக் கடைசி இடம். பெயின்ட், பட்டி வேலை, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் ஸ்டிக்கர், ஸ்பீடு கவர்னர் சான்று, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், நம்பர் பிளேட். இதில் ஒன்று குறைந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரியில் பைபாஸ் ஓரம் பழுதாகி நிற்கும் லாரி பின்னால் வருபவன் கண்ணில் படுவதே அந்த ஸ்டிக்கரால்தான். என் ஆதங்கம் பிரேக்கைப் பற்றியது.

கருவி இல்லாத இடத்தில் பிரேக்கை எப்படிச் சோதிக்கிறார்கள்? காலி வண்டி, ஆறிய டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை), சமதளம். கொஞ்ச தூரம் ஓட்டி ஓங்கி ஒரு மிதி. டிரம்மை உரசி நிறுத்தும் லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்த வண்டிகூட அந்த நிலையில் பெரும்பாலும் நின்றுவிடும். அதே வண்டி முழு லோடோடு மலை இறக்கமான தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கதையே வேறு.

இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி விரியும். விரிந்த டிரம்மைத் தொட லைனிங் கூடுதல் தூரம் நகர வேண்டும். அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஏற்கெனவே தளர்ந்திருந்தால், லைனிங்கைத் தள்ளும் புஷ் ராடின் ஓட்டம் அங்கேயே தீர்ந்துவிடும், மிதிக்கலாம், பிடிக்காது. பயத்தில் திரும்பத் திரும்ப மிதித்தால் பிரேக்கை இயக்க டேங்கில் இருக்கும் காற்று இறங்கும். இதற்கு மேல் நியூட்ரலில் வேறு விட்டால் எஞ்சின் பிடிப்பும் இல்லை, புகை வெளியேறும் வழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவாது. டீசல் மிச்சம் என்று நினைத்துத்தான் நியூட்ரல் போடுகிறார்கள். கம்ப்யூட்டரே டீசலை அளந்து விடும் காமன் ரயில் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் எரியும். இதை ஒவ்வொரு லாரி ஆபீசிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

லாரியை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. வாடகை வண்டிகளுக்கு, 2018 திருத்தத்துக்குப் பிறகு, 8 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு முடிய 15 வருஷம். அதுவரை யாரும் பிரேக்கைப் பார்ப்பதில்லை. புகைச் சான்று புகையை மட்டும்தான் சொல்லும். ஏற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏறும் கார்களில் எத்தனைக்கு வாங்கிய நாளிலிருந்து பிரேக் ஆயில் மாற்றியிருப்பார்கள்?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அந்த 1,200 மீட்டர் இறக்கத்தை, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்த்து, பிரேக்காலேயே சமாளித்தால் அத்தனையும் சூடாகத்தான் வெளியேறும். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தரநிலை கேட்பதே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் இன்னும் குறைவு, 140. கொதித்தால் ஆவிக் குமிழ் வரும், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற ஆகும் செலவு ஒரு டயர் விலையில் சின்னப் பங்குகூட இல்லை. இறங்கும்போது இரண்டாவது கியர். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல். கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

2024 ஏப்ரல் 30 அன்று இந்தப் பாதையில் தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போயின. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். மலைப்பாதையில் பயணிகளை ஏற்றும் வண்டிக்குச் சமதளச் சோதனை போதும் என்று இனியும் இருக்கக் கூடாது. சக்கரங்களை உருளைமேல் சுற்றவிட்டுச் சோதிக்கும் ரோலர் பிரேக் டெஸ்டர் ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியாகக் காட்டும். இடதும் வலதும் சமமில்லாவிட்டால் வளைவில் பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கண்ணுக்கும் காதுக்கும் அகப்படாத இந்தக் குறை அதில் எண்ணாக வந்துவிடும். தானியங்கிச் சோதனை நிலையத்தில் சோதித்தால்தான் எஃப்.சி. என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமே சொல்கிறது. நடைமுறைத் தேதிதான் தள்ளித் தள்ளிப் போனது.

சட்டத்தில் உரிமையாளருக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டம் 56ஆவது பிரிவுப்படி எஃப்.சி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ‘போய் சரி பண்ணிட்டு வா’ என்று வாயால் சொன்னால் போதாது. எழுதிக் கேளுங்கள். எந்தக் குறை என்று தெரிந்தால்தான் மெக்கானிக்கும் அதை மட்டும் பார்ப்பார், ஒரே வேலைக்கு இரண்டு நாள் வாடகையும் போகாது. அதே பிரிவுதான், எஃப்.சி. இல்லாத வாடகை வண்டியை முறையாகப் பதிவான வண்டியாகவே கருதக் கூடாது என்றும் சொல்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான்.

நம் பக்கமும் தப்பு உண்டு. எஃப்.சி. அன்றைக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் மொட்டை டயரில் லோடு ஏற்றுகிறோம். டயரில் 1.6 மில்லிமீட்டர் பட்டன் (பள்ளத்தின் ஆழம்) இருக்க வேண்டும் என்பது மழையில் வழுக்காமல் இருக்கத்தான்.

எஃப்.சி.க்குப் பத்து நாள் முன்பே பிரேக் வேலையை முடியுங்கள். புது லைனிங் டிரம்மில் படிய ஓட்டம் வேண்டும்; முந்தின நாள் மாட்டினால் பிடிப்பு சரியாக இருக்காது. ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். காற்றை நிரப்பி, எஞ்சினை அணைத்து, பிரேக்கை மிதித்தபடி ஒரு ஆளை வண்டியைச் சுற்றி வரச் சொல்லுங்கள். எங்கே ‘உஸ்’ சத்தம் கேட்கிறதோ அந்த ஹோஸை அன்றைக்கே மாற்றுங்கள்.