மரியா கஸாரெஸ் ஒரு நடிகை. அதை முதலில் சொல்லுங்கள்

சனிக்கிழமை இணையக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவும் நடிகை மரியா கஸாரெஸும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றி ஒருவர் பேசினார், அவர் பேசிய விதத்தை நான் எதிர்த்துக் கேட்டேன். நேற்றிலிருந்து உள்பெட்டியில் ஒரே கேள்விதான்: "ஒரு பிரெஞ்சுக்காரனின் காதலிக்காக இவ்வளவு கோபமா?" இந்தக் கேள்வியிலேயே என் கோபத்துக்கான காரணம் இருக்கிறது.

பேச்சாளர் மூத்தவர். காம்யுவை அவர் படித்ததில் கால்வாசிகூட நான் படித்ததில்லை, அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கடிதங்களைப் பற்றிய மொத்தப் பேச்சிலும் மரியா கஸாரெஸ் என்ற பெயர் ஒருமுறைகூடத் தனியாக வரவில்லை. "காம்யுவின் காதலி மரியா", "காம்யுவின் ரகசியம் மரியா", "காம்யுவின் பலவீனம்". கடைசியில் நான் கை தூக்கி, "ஐயா, அவங்க பெரிய நடிகை, அதையும் கொஞ்சம் சொல்லலாமே" என்றேன். "ஆமாம்மா, ஏதோ நாடகத்துல எல்லாம் நடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஒருவர் "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்" என்று எழுதினார்.

ஏதோ நாடகமா?

1936 மே மாதம் ஸ்பெயின் குடியரசின் பிரதமரானவர் சாந்தியாகோ கஸாரெஸ் கிரோகா. ஜூலையில், பின்னாளில் சர்வாதிகாரியான ஃபிராங்கோவின் ஆட்கள் கலகம் செய்தபோது பதவியில் இருந்தவர் அவர்தான். அவருடைய மகள் மரியா, 1922 நவம்பரில் கலீசியாவின் லா கொருன்யாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அந்தச் சிறுமி மாத்ரித் மருத்துவமனையில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தாள். நவம்பரில் அம்மாவோடு பாரிஸுக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு ஏறக்குறைய 14 வயது. பிரெஞ்சு தெரியாது. ஊரும் வீடும் போய்விட்டன, திரும்பிப் போக நாடே இல்லை.

ஆறே ஆண்டுகள். 1942இல், ஜெர்மன் ராணுவம் பாரிஸில் உட்கார்ந்திருந்த காலத்தில், மாதுரான் அரங்கில் அந்தப் பெண் கதாநாயகியாக நிற்கிறாள். அயர்லாந்து நாடகாசிரியர் சிங் எழுதிய 'டெய்ர்ட்ரே' நாடகம், பிரெஞ்சில். இன்னொரு மொழியில் கடையில் காய் வாங்கும் அளவுக்குப் பேசுவதே எவ்வளவு சிரமம் என்று வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்குத் தெரியும். இவர் உச்சரிப்பைத் தெய்வமாகக் கும்பிடும் ஒரு மேடையில், அந்த மொழிக்காரர்களின் முன்னால், ஸ்பானிய நாக்கோடு ஏறி நின்றார். இதைச் செய்தபோது காம்யு என்று ஒருவரை அவர் சந்திக்கவே இல்லை. சந்தித்தது 1944இல்.

இதைத்தான் நான் அன்றைக்கும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். காம்யு வருவதற்கு முன்பே அவர் நடிகை. காம்யு கார் விபத்தில் செத்த 1960 ஜனவரிக்குப் பிறகும் 36 ஆண்டுகள் உயிரோடு இருந்தார், நடித்தார்.

இயக்குநர் பிரெஸ்ஸானின் 1945இல் வெளியான படத்தை ('லெ தாம் து புவா த பூலோஞ்') முடிந்தால் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு காட்சி. எலேன் என்ற பெண்ணாக மரியா. காதலன் மனசு விலகிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். சோதிப்பதற்காக, "என் அன்பு குறைந்துவிட்டது" என்று தானே பொய் சொல்கிறாள். அவன் பதறவில்லை. தனக்கும் அப்படித்தான் என்று நிம்மதியோடு ஒப்புக்கொள்கிறான். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள். அழுகை இல்லை, உதடுகூடத் துடிக்கவில்லை. உள்ளே ஒரு கதவு சாத்தப்படுவது மட்டும் தெரியும். மிச்சப் படம் முழுவதும் நடக்கும் பழிவாங்கல் அந்த ஒரு நொடியில் முடிவாகிவிடுகிறது. அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். அதே 1945இல் வெளியான மார்செல் கார்னேயின் 'லெ ஸான்ஃபான் து பாராதீ' படத்திலும் இருக்கிறார். 1950இல் ழான் காக்தூவின் 'ஓர்ஃபே'யில் மரணமாகவே வருகிறார். மூடிய இமைகளின் மேல் திறந்த கண்களை வரைந்துகொண்டு, இமைக்காமல் நம்மைப் பார்க்கும் அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சரி, காம்யு கணக்குக்கே வருகிறேன். 'தவறான புரிதல்' நாடகத்தின் மார்த்தா, 'முற்றுகை நிலை'யின் விக்டோரியா, 'நீதிமான்கள்' நாடகத்தின் தோரா. காம்யு எழுதிய இந்த மூன்று பெண்களுக்கும் முதல்முதலாக உடலும் குரலும் கொடுத்தவர் மரியா. அப்படியென்றால் காம்யுவின் நாடகங்களைப் பற்றி ஒருவர் பேசும்போது மரியாவின் நடிப்பைப் பற்றிப் பேசாமல் எப்படி இருக்க முடியும்? காம்யுவின் மேடை வாழ்க்கையில் பாதி இந்தப் பெண்ணின் உழைப்பு. பேச்சாளர் அதைச் சொல்லவில்லை. ஓட்டலையும் ரயிலடியையும் சொன்னார். மனைவி பிரான்சினுக்குத் தெரியுமா தெரியாதா என்று சொன்னார்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சிலருக்கு இது சம்பந்தமில்லாததாகத் தோன்றலாம், எனக்கு அப்படி இல்லை.

என் பெரியத்தை ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட். வள்ளி திருமணத்தில் வள்ளி. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பங்குனி, சித்திரையில் அவருக்கு ஒரு ராத்திரி ஓய்வு கிடையாது. மேடைக்குப் பின்னால் பள்ளிக்கூடத் திண்ணையில் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிய கண்ணாடியைப் பார்த்து ரோஸ் பவுடர் போடுவார். எதிரே ஆர்மோனியக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருப்பார். நாரதரோடு தர்க்கம் ஆரம்பித்தால் விடியும்வரை விடமாட்டார். எதிராளி எந்த ஊரிலிருந்து வந்த எத்தனை பெரிய நடிகராக இருந்தாலும் சரி, ஒத்திகை இல்லாமல், கேட்ட கேள்விக்கு நின்ற இடத்தில் பாட்டாகவே பதில். அப்படி ஒரு அறிவு.

அவர் இறந்தபோது ஊரில் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில், அவர் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், ஒரு ராஜபார்ட் நடிகரின் பெயர். "அன்னாரின் துணைவியார்." எப்போதோ அத்தையை விட்டுவிட்டு வேறு குடும்பம் ஆகிப்போன மனிதர். வள்ளி என்றோ ஸ்திரீபார்ட் என்றோ நடிகை என்றோ அந்த ஃப்ளெக்ஸில் ஓர் எழுத்து கிடையாது. நான் கேட்டதற்கு, "அப்படிப் போட்டாத்தான் மரியாதை" என்றார்கள் சொந்தக்காரர்கள். அன்றைக்கு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. சாவு வீடு. சனிக்கிழமை சாவு வீடு இல்லை. அதனால் கேட்டேன்.

இனி என்னிடம் சொல்லப்பட்ட மறுப்புகள்.

"கூட்டம் காம்யு பற்றியது, மரியா பற்றியது அல்ல." இல்லை. கூட்டம் கடிதங்களைப் பற்றியது. 2017இல் கல்லிமார் பதிப்பகம் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் இருப்பவை 865 கடிதங்கள், இருவரும் எழுதியவை. அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முன்னுரை எழுதியவர் காம்யுவின் மகள் கத்ரீன். அம்மாவை நோகடித்த உறவு என்று அவர் ஒளித்து வைக்கவில்லை. மகளுக்கு இருந்த பெருந்தன்மை நம் ஊர் வாசகர்களுக்கு ஏன் இல்லை? ஒத்திகை, சுற்றுப்பயணம், களைப்பு, அன்றைய ராத்திரி அரங்கம் எப்படி இருந்தது என்று மரியா தன் வேலையைப் பற்றி அந்தக் கடிதங்களில் எழுதிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பக்கங்களை எல்லாம் தாண்டிப் போய் முத்தத்தை மட்டும் தேடி எடுப்பது வாசிப்பா?

"அந்தக் கடிதங்கள் இல்லையென்றால் உங்களுக்கே மரியாவைத் தெரிந்திருக்காது." எனக்கு அவரைக் காக்தூவின் படம் மூலம் தெரியும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"காதலைச் சொல்வது இழிவா?" இது நியாயமான கேள்வி. நான் காதலை இழிவாக நினைக்கவில்லை. 1944 ஜூன் 6, நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய அன்று காதலர்களானார்கள். அந்த வருடமே பிரிந்தார்கள். சரியாக நான்கு வருடம் கழித்து, அதே ஜூன் 6ஆம் தேதி, பாரிஸில் சேன் ழெர்மேன் சாலையில் எதேச்சையாக எதிரெதிரே வந்தார்கள். அதன்பின் காம்யு சாகும்வரை விடவில்லை. கேட்கும்போதே சிலிர்க்கிற கதை, எனக்கும் பிடிக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கதையில் ஆணுக்கு வாழ்க்கையும் படைப்பும் நோபல் பரிசும் இருக்க, பெண்ணுக்கு அவனைத் தவிர ஒன்றுமே இல்லை என்பதுபோல் சொல்லாதீர்கள்.

அவருக்கு என்ன இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1952இல் பிரான்ஸின் தேசிய நாடகக் குழுவான கொமெதி பிரான்சேஸ். 1954இல் ழான் விலாரின் தேசிய மக்கள் அரங்கு. அந்தக் கோடையில் அவிஞோன் அரண்மனை முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ், லேடி மெக்பெத். 1966இல் ழான் ழெனேயின் 'திரைகள்'. அல்ஜீரியப் போரைப் பேசிய அந்த நாடகத்தை நிறுத்தச் சொல்லி வலதுசாரிகள் ஒதேயோன் அரங்குக்குள்ளேயே ரகளை செய்தார்கள். அம்மா வேடத்தில் மேடையில் நின்றவர் மரியா. 1989இல் 'ஹெக்யூபா'வுக்காகச் சிறந்த நடிகைக்கான மொலியேர் விருது. 1993இல், 70 வயதுக்கு மேல், லியர் மன்னராக நடித்தார். லியரின் மகளாக அல்ல, லியராகவே.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது 1963. பியூனஸ் அயர்ஸ். ஸ்பானியக் கவி லோர்க்காவின் 'யெர்மா' நாடகம். யெர்மாவாக மரியா. இயக்கியது மார்கரிதா ஷிர்கு. 1934இல் மாத்ரித்தில் அதே யெர்மாவை முதன்முதலாக நடித்துக் காட்டிய அதே மார்கரிதா. 1936இல் தென்னமெரிக்கா போனவர், ஸ்பெயினுக்குத் திரும்பவே இல்லை, 1969இல் உருகுவேயின் மோன்தேவிதேயோவில் இறந்தார். லோர்க்காவை 1936 ஆகஸ்டிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கொல்லப்பட்டவன் எழுதிய நாடகத்தை, நாடிழந்த இரண்டு பெண்கள், கடல் கடந்த ஒரு ஊரில், தங்கள் சொந்த மொழியில் மேடையேற்றுகிறார்கள். பிரெஞ்சிலேயே பெரிய நடிகையாகிவிட்ட மரியா அங்கே ஸ்பானியத்தில் பேசுகிறார். இதைவிடப் பெரிய கதை அந்தக் கூட்டத்துக்கு என்ன வேண்டியிருந்தது? மார்கரிதாவையும் "லோர்க்காவின் நடிகை" என்றுதான் எழுதுவார்கள். இந்த வழக்கம் ஒருவரோடு நிற்பதில்லை.

இன்னும் கேளுங்கள். 1944இல் பியூனஸ் அயர்ஸில், ரஃபயேல் அல்பெர்த்தி எழுதிய 'எல் அதெஃபேசியோ' நாடகத்தில் கோர்கோ என்ற வேடத்தை முதலில் ஏற்றவர் மார்கரிதா. ஃபிராங்கோ செத்த மறுவருடம், 1976இல், மரியா 40 ஆண்டுகளுக்குப் பிறகு மாத்ரித்துக்கு வந்து மேடையேறினார். அதே நாடகம், அதே கோர்கோ. மார்கரிதாவால் திரும்பி வர முடியாத ஊருக்கு மார்கரிதாவின் வேடத்தைக் கொண்டுவந்து நடித்தார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. உணர்ச்சிவசப்படாதீர்கள் என்று எழுதிய நண்பர் மறுபடியும் எழுதட்டும்.

1975வரை அவர் பிரெஞ்சுக் குடியுரிமைகூட வாங்கவில்லை. பிரான்ஸின் தலைசிறந்த மேடைகளில் நடித்துக்கொண்டே, கையில் வெளிநாட்டவருக்கான வசிப்பிட அட்டையோடு இருந்தார். அந்த அட்டையில் இருந்த சொற்களையே 1980இல் தன் வாழ்க்கை வரலாற்றுக்குத் தலைப்பாக வைத்தார். 1996 நவம்பரில், 74 வயது நிறைந்த மறுநாள், அலூ என்ற கிராமத்தில் தன் பண்ணைவீட்டில் இறந்தார். அந்த வீட்டை அந்த ஊருக்கே எழுதி வைத்துவிட்டார். இன்று அது நாடகக்காரர்களுக்கான இடமாக நடக்கிறது. கலீசியாவில் வருடந்தோறும் கொடுக்கும் நாடக விருதுகளுக்கு அவர் பெயர்தான். அங்கே யாரும் அவரைக் காம்யுவை வைத்து அடையாளம் காட்டுவதில்லை.

கூட்ட ஏற்பாட்டாளர் நேற்று பேசினார். நல்ல மனிதர். "அடுத்த மாசம் கடைசியில உங்களுக்குப் பத்து நிமிஷம் தர்றோம்மா, மரியா பத்திப் பேசுங்க" என்றார். அண்ணா, கடைசிப் பத்து நிமிடம் வேண்டாம். காம்யுவுக்குக் கொடுத்த அதே நேரத்தை மரியாவுக்கும் கொடுங்கள். பிரெஸ்ஸான் படத்தின் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசுகிறேன். அழைப்பிதழில் அவர் பெயரைத் தனியாகப் போடுங்கள், பக்கத்தில் வேறு யார் பெயரும் வேண்டாம். சம்மதம் என்றால் தேதியைச் சொல்லுங்கள்.