பெட் ஸ்கேன் இடத்தைத்தான் காட்டும்
நோய் எதிர்ப்பு அணுக்களே கட்டுமீறி ரத்த அணுக்களை விழுங்கும் எச்.எல்.எச். நோயை பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் திசுக்கள் ஒளிர்ந்து தெரியும் உடல் படம்) எடுத்தாலே உறுதி செய்துவிடலாம் என்று கட்டுரையில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த நோயை உறுதி செய்யும் 2004 அளவுகோலில் உள்ள 8 அம்சங்களில் 5 இருக்க வேண்டும் என்பார்கள். காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், ரத்த அணுக்கள் குறைவது, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) 500-ஐத் தொடுவது எல்லாம் அதில் வரும், பெட் ஸ்கேன் வராது. (மண்ணீரலைப் பார்க்கச் சாதாரண அல்ட்ராசவுண்டே போதும்.) என் சின்ன மாமாவுக்கு மூன்று வாரம் விடாத காய்ச்சல். பெட் படத்தில் மண்ணீரலும் எலும்பு மஜ்ஜையும் பளிச்சென்று ஒளிர்ந்தன. கடும் தொற்றிலும் அப்படித் தெரியும் என்றார் டாக்டர். கிடைத்த பலன் வேறு: வயிற்றுக்குள், கைக்கு அகப்படாத ஒரு நெறிக்கட்டி. அதில் பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) எடுத்த பிறகுதான் இத்தனையையும் கிளப்பிவிட்டது லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. காசநோய்க் கட்டியும் இதே மாதிரி ஒளிரும் என்பதால் அதுவரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'முதலில் ஸ்டீராய்டு, பிறகு ஸ்கேன்' என்று எழுதியிருக்கிறார். உயிருக்கு ஆபத்தென்றால் வேறு வழியில்லை, சரி; ஆனால் ஸ்டீராய்டு போட்டதும் லிம்போமா சுருங்கி ஸ்கேனில் மங்கிவிடலாம், பயாப்ஸியும் ஏமாற்றலாம்.