மீன் என்ன விலைன்னு சொல்லிட்டுச் சுடுங்கப்பா!

விலை அதிகம் என்பது என் புலம்பல் இல்லை. கடலோரத்தில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், மத்தியதரைக்கடல் சாப்பாடு என்று பலகை மாட்டியிருக்கும் கடைக்கு மலிவு தேடி யாரும் போவதில்லை. அதிகம் என்று தெரிந்துதான் போகிறோம். எவ்வளவு அதிகம் என்பதைச் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

பினாங்கில் இருந்துகொண்டு கடல் பார்க்கக் காசு கொடுக்க வேண்டுமா என்று அம்மா கிளம்பும்போதே கேட்டார். கெர்னி டிரைவ் பக்கம் போய் நின்றால் காற்று இலவசம், உண்மைதான். ஆனால் அக்காவின் கல்யாண நாள், மச்சானுக்கு ஆசை. போனில் மேசை பதிவு செய்தபோது "ஸீ சைட் வேணுமா?" என்று இனிக்க இனிக்கக் கேட்டார்கள். வேணும் என்றோம். ஓரமாக இருக்கும் மேசைக்கு ஆளுக்கு 100 வெள்ளிக்காவது (மலேசிய ரிங்கிட்) சாப்பிட்டாக வேண்டும் என்ற விதி, ஆறு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் வெளியே வந்தது. நாலு வயசுப் பிள்ளையும் ஓர் ஆள்தானாம். அவள் அன்றைக்குச் சாப்பிட்டது உருளைக்கிழங்கு வறுவல். சரி, அந்தக் கடலையாவது பார்த்தோமா? ஏழரை மணிக்கு மேல் இருட்டு. அதற்கு முன்னால் பார்த்தபோது தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஆளுக்கு நூறு வெள்ளி கட்டிப் பார்த்தது சேறு.

இப்போது மீனுக்கு வருகிறேன். மெனுவில் மற்ற எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கிறது. மீனுக்கு மட்டும் 'மார்க்கெட் விலை'. பரிமாற வந்த தம்பி, "இன்னைக்கு ஸீ பாஸ் ரொம்ப ஃப்ரெஷ்" என்றார். முழு மீன், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், தணலில் சுட்டது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அம்மா ஒரு வாய் வைத்ததுமே, "இது நம்ம கொடுவா" என்றார். விசாரித்தால், ஆமாம், லோக்கல் சியாகாப் (கொடுவாவுக்கு மலாய்ப் பெயர்). பத்து காவான் பக்கம் கடலில் கூண்டு கட்டி வளர்க்கிறார்களே, அந்த மீன். பாசாரில் கிலோ முப்பது வெள்ளி பக்கம் வாங்குகிறோம். பில்லில் 100 கிராம் 28 வெள்ளி. செதில், குடல் எல்லாம் சேர்த்து நிறுத்த எடை 1.2 கிலோ. ஆக, 336 வெள்ளி!

எடைக்கு விற்பதில் தப்பே இல்லை. இவர்கள் பெயரைக் கடன் வாங்கியிருக்கும் அந்தக் கடற்கரைகளிலும் மீனை எடைக்குத்தான் விற்கிறார்கள். கிரேக்கத்தில் கிலோ இவ்வளவு என்று மெனுவிலேயே போட்டிருப்பார்கள். நீங்களே மீனைப் பார்த்துப் பொறுக்கலாம், கண் முன்னால் நிறுத்துக் காட்டுவார்கள், அப்புறம்தான் அடுப்புக்குப் போகும். சாப்பாட்டை அங்கிருந்து கொண்டுவந்தவர்களுக்குத் தராசைக் கொண்டுவர மட்டும் கை வரவில்லை.

தண்ணீர் இன்னொரு கூத்து. "ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா?" உலகத்தில் மூன்றாவது தண்ணீரே கிடையாது என்பது மாதிரி ஒரு கேள்வி. இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த பாட்டில், ஒன்று 24 வெள்ளி. ஒன்று காலியானதும் கேட்காமலே அடுத்ததைத் திறந்தார்கள். மூன்று பாட்டில், 72 வெள்ளி. பச்சைத் தண்ணீர் கேட்டால் 'நோ பிளெய்ன் வாட்டர்'. ஸ்பெயினில் 2022இல் சட்டமே போட்டுவிட்டார்கள், உணவகம் என்றால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று. பிரான்ஸிலும் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு ஜாடி குழாய்த் தண்ணீருக்குக் காசு கிடையாது. இரண்டுமே மத்தியதரைக்கடல் நாடுகள்தான், ஐயா! குழாய்த் தண்ணீருக்குச் சொற்பக் காசு கட்டும் நம் ஊரில்தான் ஒரு கிளாஸ் தண்ணீருக்கு இந்தத் தவம். யாரும் கேட்காமல் மேசையில் வந்து உட்கார்ந்த ரொட்டிக் கூடைக்கு 18 வெள்ளி. அரைத்த கொண்டைக்கடலை 42 வெள்ளி. அதற்காவது மெனுவில் விலை இருந்தது, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடையில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்பீர்கள். தெரியும். மீன் முட்டையைக் கைகாட்டினால் அங்கேயும் கணக்கு எகிறும். ஆனால் பெரும்பாலான கடைகளில் தட்டை வாங்கும்போதே அண்ணன் ஒரு பார்வை பார்த்து, துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்துவிடுகிறார். சண்டை போடுவதென்றால் சாப்பிடும் முன்பே போட்டுக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் மேலே பிளஸ் பிளஸ், அதாவது வரியும் சர்வீஸ் சார்ஜும். 780 வெள்ளிச் சாப்பாட்டுக்கு இன்னொரு 124 வெள்ளி 80 காசு. இதில் 6 விழுக்காடு சேவை வரி, அரசாங்கத்துக்குப் போவது. 2024 மார்ச்சில் சேவை வரியை 8 விழுக்காடாக ஏற்றியபோதும் சாப்பாட்டுக்கு மட்டும் ஆறிலேயே விட்டுவைத்தார்கள். அதைக் கட்ட எனக்கு வலிக்கவில்லை. மிச்சம் 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் இருக்கிறதே, அதை வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கடை தானாகப் போட்டுக்கொள்வது. அது பரிமாறுகிற பிள்ளைகளுக்குப் போகிறது என்றால் சந்தோஷமாகக் கொடுப்பேன். தொழிற்சங்கம் இருக்கும் ஹோட்டல்களில் அதைப் புள்ளிக் கணக்கில் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றமே ஹோட்டல்காரர்களுக்குச் சொல்லிவிட்டது. சங்கம் இல்லாத இந்த மாதிரிக் கடைகளில் அது எந்தப் பையில் விழுகிறது? தம்பியிடமே கேட்டேன். அவர் சிரித்தார், மேனேஜர் நிற்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் நம் பையன்தான். "அக்கா, சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு, நாங்க ஒன்னும் செய்ய முடியாது" என்றார். எந்தக் கடைக்குப் போனாலும் இந்த சிஸ்டம்தான் குறுக்கே நிற்கிறது. அதை யாரப்பா உள்ளே தட்டி வைத்தது? மீன் விலை எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மெனுவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரல் நகத்தால் தொட்டுக் காட்டினார். அந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில், சாம்பல் எழுத்தில், எறும்பு ஊர்வது மாதிரி ஒரு வரி. அதிலும் விலை இல்லை, "ஊழியரிடம் கேட்கவும்" என்றுதான் இருந்தது. மச்சான் போனில் டார்ச் போட்டுப் படித்தார். பக்கத்து மேசையிலும் அப்போதுதான் முழு மீன் வந்து இறங்கியது. அவர்களுக்கும் யாரும் எதுவும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ரொட்டியைப் பில்லிலிருந்து எடுத்தார்கள், அதுவும் அம்மா குரலை உயர்த்திய பிறகு. மீனும் தண்ணீரும் அப்படியே நின்றன. அக்காவின் நாளைக் கெடுக்க வேண்டாம் என்று மச்சான் கார்டை நீட்டிவிட்டார்.

நான் விடுவதாக இல்லை. விலையைக் காட்டாமல் விற்பவர்களைக் கேள்வி கேட்க 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சும் இருக்கிறது. ரசீது, கடைசிப் பக்கத்தின் படம், மச்சானின் கார்டுச் சீட்டு மூன்றையும் சேர்த்து நேற்று ராத்திரியே அமைச்சின் இணையத் தளத்தில் புகார் போட்டாகிவிட்டது. இதே மாதிரி மீன் தின்று மாட்டியவர்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நீங்களும் அனுப்புங்கள்.