கரும்பருந்தையும் எண்ணத்தான் வேண்டும்

நேற்று முன்தினம் நம் பறவைக் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயர் சொல்லப் போவதில்லை. மீன் சந்தைப் பக்கம் நின்று 23 கரும்பருந்து, 2 செம்பருந்து, காகம், மைனா என்று கண்ணில் பட்ட அத்தனையையும் எண்ணிப் பட்டியல் போட்டாள் ஒரு கல்லூரிப் பெண். அதற்குக் கீழே ஒரு மூத்தவர் எழுதியது: "குப்பைப் பருந்தை எல்லாம் எண்ணி என்ன ஆகப் போகுது? பாறு, ராஜாளின்னு ஏதாவது இருந்தா போடும்மா." அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! அவள் பதிவையே எடுத்துவிட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாதாரணமாகத் திரிகிற பறவையை இன்றைக்கு எண்ணி வைத்தால்தான் நாளைக்கு அது குறைந்தது தெரியும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு வேண்டும் என்கிறீர்களே, அந்தப் பாறும் ஒரு காலத்தில் குப்பைப் பறவைதான். என் அம்மாவின் ஊர் சங்கரன்கோவில் பக்கம். மாடு செத்தால் ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள், கொஞ்ச நேரத்தில் கழுகுகள் இறங்கிவிடும் என்று ஆச்சி சொல்லுவாள். பனைமரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்குமாம். "எப்போ ஆச்சி வராம போச்சு?" என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு மட்டுமில்லை, ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய பறவை, அத்தனை கூட்டம், எந்த வருஷம் மறைந்தது என்றுகூடத் தெரியாமல் போய்விட்டது.

திருக்கழுக்குன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் உச்சிவேளையில் சோறு வாங்க வந்தவை இரண்டே இரண்டு மஞ்சள்முகப் பாறுகள். தொண்ணூறுகளின் கடைசியில் அவை வராமல் போனது ஊருக்கே தெரியும். காரணம், அங்கே தினமும் அவற்றுக்காகக் காத்துக்கொண்டு ஆள் இருந்தது. பனைமரத்துப் பாறுகளுக்கு அப்படி யாரும் இல்லை.

வடக்கில் வெண்முதுகுப் பாறு அழிந்த கணக்கு எப்படிக் கிடைத்தது? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில பேர் சாலை சாலையாக வண்டியில் போய், அன்றைக்கு மலிந்து கிடந்த கழுகு பருந்துகளை எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். பிறகு அதே சாலைகளில் மறுபடி எண்ணியபோதுதான், 2007 வாக்கில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் தேறும் என்று தெரிந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து ஊசிதான், செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றது என்று கண்டுபிடித்ததும், 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்ததும் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் முதலில் எண்ணிய அந்தச் சில பேரையும் அன்றைக்கு யாராவது சிரித்திருப்பார்கள்.

"படம் இல்லாமல் எப்படி நம்புவது?" என்பீர்கள். 600 எம்எம் லென்ஸ் இருந்தால்தான் கண் தெரியுமா? கரும்பருந்துக்கு வால் நடுவில் கவை விழுந்திருக்கும், திரும்பும்போது வாலை முறுக்கும். செம்பருந்துக்கு வெள்ளைத் தலை, வால் நுனி வட்டம். மீன் குடலைக் கவ்விக்கொண்டு மேலே போய், பறந்தபடியே காலை அலகுக்குத் தூக்கித் தின்பதை ஒருமுறை நின்று பார்த்தவருக்கு இதற்கெல்லாம் படம் வேண்டாம். பூனைப்பருந்தில் பெட்டையும் இளம்பறவையும் எந்த இனம் என்று குழப்பும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் நாம் பறவைப் பட்டியல் ஏற்றும் இபேர்ட் இணையதளத்தில் இனம் தெரியாமலே "ஏதோ ஒரு பூனைப்பருந்து" என்று போட வழி இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது பதிந்தால் கேள்வி கேட்கத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

"இடம் வெளியே தெரிந்தால் ஆபத்து" என்று இன்னொருவர். மீன் சந்தைப் பருந்துக்கு என்ன ரகசியம் ஐயா? ஆபத்தில் இருக்கும் சில இனங்களின் இடத்தை இபேர்டே மறைத்துவிடுகிறது. கூட்டைப் பற்றி மூச்சு விடாதீர்கள், அவ்வளவுதான்.

"இதெல்லாம் விஞ்ஞானிகள் வேலை" என்பவர்கள் 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 30,000 பேர் போட்ட சுமார் 3 கோடி பதிவுகளை வைத்துத்தான் அந்த விஞ்ஞானிகளே கணக்குப் போட்டார்கள். இரைக்கொல்லிப் பறவைகள் சரிகின்றன என்று அதில்தான் சொன்னார்கள். மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்றவர்களின் பட்டியலும் அந்த 3 கோடிக்குள்தான் இருக்கிறது. 2015இலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் நாம் எடுக்கும் கணக்கெடுப்பும் இதே வேலைதான். அன்றைக்கு மட்டும் கரும்பருந்து இனிக்கிறதா?

எனக்கு வலிப்பது வேறு. அந்தப் பெண்ணிடம் கேமரா கிடையாது. பஸ் ஏறி மசினகுடிக்குப் போய், ரிசார்ட்டில் தங்கி, மாயாற்றுப் பாறுகளைப் படம் எடுக்க அவளால் முடியாது. அவளுக்குக் கிடைப்பது தெருவுக்கு மேலே இருக்கும் வானம். அதை ஒழுங்காகப் பார்த்து எழுதியவளை விரட்டிவிட்டு, "இளைஞர்கள் வருவதில்லையே" என்று அடுத்த கூட்டத்தில் நாமே வருத்தப்படுவோம். யார் பறவை பார்ப்பவர் என்று லென்ஸ் விலையை வைத்தா முடிவு செய்வது?

அந்த மூத்தவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவரிடம்தான் வைரி என்ற சின்ன வேட்டைப் பறவையின் குரலைக் கற்றுக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஐயா, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருபது வருஷப் படங்கள் கிடக்கின்றன. பாறு, ராஜாளிப் படங்களுக்கு நடுவே எப்போதோ கிளிக்கிய கரும்பருந்தும் வைரியும் கட்டாயம் இருக்கும், எல்லாவற்றிலும் தேதி இருக்கும். பழைய தேதி போட்டே இபேர்டில் ஏற்றலாம். எப்படி என்று தெரியாவிட்டால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து கூட உட்கார்ந்து ஏற்றித் தருகிறேன்.