அம்மா ஒத்துழைக்கவில்லையாம்

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான தெரபி பற்றிய சனிக்கிழமைக் கருத்தரங்கு வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லாததால்தான் பல குழந்தைகளிடம் முன்னேற்றம் இல்லை" என்று மேடையில் பேசியவர் சொன்னதையும் கேட்டேன், அதற்கு விழுந்த கைதட்டலையும் கேட்டேன். பின்னால் தொங்கிய பேனரில் 'குடும்பத்தை மையமாகக் கொண்ட பராமரிப்பு'. மேடையில் ஆறு நாற்காலி. ஒன்றில்கூட ஒரு அம்மாவோ அப்பாவோ இல்லை. பொன்னாடை மட்டும் ஆறு பேருக்கும் இருந்தது.

குடும்பத்தை மையமாக வைப்பது என்றால் குடும்பத்திடம் கேட்பது. அம்மாவின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது அல்ல.

கோபத்தில் உளறவில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேன்சைல்டு என்ற மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆய்வு மையம், சிகிச்சை எவ்வளவு தூரம் குடும்பத்தை மையமாக வைத்து நடக்கிறது என்று அளப்பதற்கென்றே 1990களில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. முதலில் 56 கேள்வி, பிறகு சுருக்கி 20. அதில் மதிப்பெண் போடுவது பெற்றோர், வாங்குவது சிகிச்சை தருபவர்கள். இங்கே என்னவோ நாங்கள்தான் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறோம். பல நாடுகளில் அதை வைத்துக் கேட்டதில், மரியாதையாக நடத்தினார்கள் என்பதற்கு நல்ல மதிப்பெண் விழுகிறது. பொதுவான தகவல்களைச் சொன்னார்களா என்ற பகுதிதான் பெரும்பாலும் கடைசியில் நிற்கிறது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபி செலவும் அதில் வரும் என்று எனக்குச் சொன்னவர் டாக்டர் இல்லை. தெரபி சென்டர் படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்கு ஸ்ப்ளிண்ட் (கை கால் வளையாமல் தாங்கும் பட்டை) மாட்டிக்கொண்டிருந்த இன்னொரு அம்மா. அதற்குள் என் மகனுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது.

அவனுக்கு சி.பி., அதாவது பெருமூளை வாதம். இப்போது ஒன்பது வயது. இதுவரை கிடைத்த வீட்டுப் பயிற்சித் தாள்களை எடைக்குப் போடலாம். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பயிற்சி, 'தினமும் இருவேளை'. ஒரே ஒரு பிசியோ, வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன சின்னப் பெண், "காலையில எந்த வேலைக்குக்கா உங்களுக்கு ரொம்ப நேரம் ஆகுது?" என்று கேட்டார். சட்டை போடுவதற்கு என்றேன். விறைப்பாக இருக்கும் இடது கையை முதலில் சட்டைக்குள் விடுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள் என்று செய்து காட்டினார். மீதியை அவனையே வலது கையால் இழுத்துவிடச் சொன்னார். இப்போதெல்லாம் ஸ்கூல் ஆட்டோ அண்ணன் வாசலில் ஹாரன் அடிப்பதில்லை.

ஒரு கேள்வி. அவ்வளவுதான் நான் கேட்பது.

'கனடா கதையெல்லாம் நமக்கு எதற்கு' என்று ஒருவர் கமெண்டில் வருவார். வேலூர் சி.எம்.சி.யில் பால் ரசல் குழுவினர், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பத்து வாரம் குழுவாக உட்காரவைத்துப் பேசிச் செய்த ஆய்வு 1999இலேயே வெளிவந்துவிட்டது. பெற்றோரின் மனப்போக்கு நல்லபடியாக மாறியது என்றுதான் அதில் இருக்கிறது. நான் படித்தவரை வேலூர் கனடாவில் இல்லை.

'தெரபிஸ்ட் பாவம், ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளைப் பார்ப்பார்?' சரி, நியாயம்தான். அவர்கள் சம்பளமும் எனக்குத் தெரியும். அதற்காக என்னைத் திட்டலாமா?

அப்புறம், 'பெற்றவள் செய்யாமல் யார் செய்வார்' கோஷ்டி. செய்யமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? வேலையை விட்டது யார்? ராத்திரி மூன்று தடவை எழுந்து அவனைப் புரட்டிப் படுக்க வைப்பது யார்? சொந்தத்தில் விசேஷம் என்றால் "அவனைத் தூக்கிட்டு வந்து சிரமப்படாதேம்மா" என்று ரொம்பப் பாசமாகச் சொல்கிறார்கள். நாத்தனார் மகள் வளைகாப்புக்கு அதுகூடச் சொல்லவில்லை. ஸ்டேட்டஸில் போட்டோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கேயோ போய்விட்டேன். குடும்பம், குடும்பம் என்று அந்த மேடையில் அத்தனை தடவை சொன்னார்களே, அதில்தான் வந்தது.

போன வருடம் அவன் ஃபைலை ஜெராக்ஸ் எடுக்கத் தந்தார்கள். ஆட்டோவில் புரட்டிக்கொண்டே வந்தேன். ஜூலை மாதப் பக்கத்தில் சிவப்பு மையில், 'பெற்றோர் ஒத்துழைப்பு: குறைவு'. அந்த வாரம் அவனுக்கு ஃபிட்ஸ் வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஏன் வரவில்லை என்று ஒரு போன் இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கைதட்டியவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள், அனுப்புகிறேன்.